பட்டை

ஜார்ஜ்டவுன், இரவு பதினொன்று.
பட்டர்வொர்த் துறைமுகத்தின் முதல் பெண் கிரேன் ஓட்டுநர்
நீலாவதிக்கு விருது. பெயர்: டிரெயில்பிளேசர்.
'தீப்பொறி' என்று தலைப்பு வைத்தேன்.
பிளேஸ் என்றால் தீதானே.

அகராதி வேறு சொன்னது:
காட்டில் பின்னால் வருபவர் வழி தவறாதிருக்க
மரப்பட்டையைச் சீவி விடும்
வெள்ளைத் தழும்பு.

போனில் அவளிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூரத்தில் கப்பல் சங்கு.
"நாப்பது மீட்டர் மேல, டாய்லெட் இல்ல லா.
ஒரு வருசம் ஷிஃப்ட்ல தண்ணியே குடிக்கல.
இப்ப மூணு பிள்ளைங்க ஏறுறாங்க, கீழ கட்டிக் குடுத்துட்டாங்க.
அப்ப நான் பாராங் இல்ல,
மரம்."

அச்சுக்கு நேரமாகிவிட்டது.
தலைப்பை அழித்து
'முன்னோடி' என்று போட்டேன்.
ஓடியதாக அவள் சொல்லவே இல்லை.