வளைக் கணக்கு

வங்கியிலிருந்து வந்தவர் கேட்டார்:
மொத்தம் எத்தனை?

மூக்கையூர்க் கடற்கரை மணல்மேட்டில்
இரண்டு முழ ஆழத்துக்குப் புதைத்த என் பழைய இழுவலை
நாலு பக்கமும் வேலி.
நடுவில் நாற்பது வாய்கள்.
வலை என்னுடையது. வளை அவற்றுடையது.
உள்ளே எத்தனை என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

கூண்டு இல்லையா, என்றார்.
இருந்தது, மூன்று மாதம்.
கம்பியைக் கடித்துக் கடித்துப்
பல் உடைந்த பெட்டைகள்
குட்டிகளையும் கடித்தன.
திறந்துவிட்ட அன்று
ஞானப்பூ என்னோடு பேசவில்லை.
மறுநாள் அவளேதான்
அடம்பங்கொடி அறுத்துவந்து போட்டாள்.

சரி, எண்ணலாம் வாங்க, என்றேன்.
இந்த வாயில் சிலந்தி கட்டியிருக்கிறது: ஆள் இல்லை.
இதில் ஈரமணல் சிதறியிருக்கிறது:
விடியக்காலம் தோண்டியது, ஒன்றோ இரண்டோ.
இதில் கீரி வாடை. கிட்டே போகவேண்டாம்.
இங்கே பஞ்சுபோல் ரோமம்,
தன் வயிற்றிலிருந்து தானே பிடுங்கியது.
இன்றோ நாளையோ ஈனும்.

அவர் எழுதிக்கொண்டே வந்தார்:
பூஜ்யம், இரண்டு, கேள்விக்குறி.
காற்று தாளை இரண்டு தடவை பறித்தது.

அந்த நேரம் பார்த்து ஒன்று வெளியே வந்தது,
போன ஆடியில் நரி கவ்விவிட்டுப் போன மிச்சம்.
மூன்று கால்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பிடித்த முயல் சார், என்றேன்,
இதற்கு மட்டும் நிஜமாகவே.
அதுவரை சிரிக்காதவர்
இருமுவதுபோல் சிரித்தார்.

கடனுக்கு எண்ணிக்கை வேணும்ப்பா.

வேணும்தான்.
பதினெட்டு வருஷம் கடலுக்குப் போனேன்,
கீழே எத்தனை என்று கேட்டா
டீசலுக்குக் கடன் கொடுத்தார்கள்?
இதைச் சொல்லவில்லை.
இரண்டு தவணை பாக்கி இருந்தது.

சொன்னது வேறு:
சார், காலை எடுங்க.

அவர் நின்ற இடம்
வெறும் மணல்போலத்தான் இருந்தது.
பால் கொடுத்து முடித்ததும்
தாய் வாயை மூடி, முன்னங்காலால் தட்டித் தட்டி,
இங்கே ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டுப் போகும்.
ராத்திரி ஒரு தடவை வந்து திறக்கும்.
அவ்வளவுதான் அதன் வளர்ப்பு.

செருப்பைத் தள்ளிவிட்டுக் குனிந்து
உள்ளங்கையை வைத்தார்.
வெயிலின் சூடா, அதற்கும் கீழே உள்ள சூடா
என்று தெரியாத முகம்.

பேனாவை மூடிப் பையில் போட்டார்.
பென்சில் ஏதும் இருக்கா, என்றார்.