கழிவு

எட்டு டிஸ்க்.
கொழும்பிலிருந்து ரயிலில், மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.
தலவாக்கலையில் இறங்கும்போதும் யார் கையிலும் கொடுக்கவில்லை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் நாலு டெராபைட் என்று அச்சு.
எண்ணாலு முப்பத்திரண்டு என்று
பில்லைப் பார்த்தே சொல்லிவிட்டார் வீரக்கோன் துரை.

பெக்டரி மேல்மாடி. பக்கத்து அறையில் கொழுந்து வாடுகிறது.
காற்றாடி இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும்.
மூலையில் ஈரம் உறிஞ்சும் பெட்டி
மிஸ்டைக் குடித்துக் குடித்து வாளியில் கக்குகிறது.

திரையில் முதல் கணக்கு வந்தது:
இருபத்தொன்பது புள்ளி ஒன்று.
"மூணு எங்க?"
விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான் சேர்,
மெஷின் ஆயிரத்து இருபத்துநாலாக.
களவு இல்லை. தராசுதான் வேறே.

பிறகு ஒன்றை ஒதுக்கினேன்.
அது சும்மா நிற்கும், விழித்தபடி,
பெரட்டுக்கு வந்தும் பேர் விழாத ஆளைப் போல;
எது விழுந்தாலும் அந்த இடத்துக்கு ஓடும்.
இன்னும் இரண்டின் அளவு,
ஒரே ராத்திரியில் இரண்டு செத்தாலும்
மிச்சமுள்ளவை சேர்ந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்வதற்கு.
பதினெட்டு.
அதிலும் ஐந்தில் ஒன்றைத் தொடாதீர்கள் என்றேன்.
நிரம்பினால் அதற்கு மூச்சு முட்டும்,
எழுத இடம் தேடியே களைத்துப்போகும்.
பதினாலரை.

துரை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.
"முப்பத்திரண்டுக்குக் காசு கட்டினது. பதினாலரையா?"
பக்கத்து அறையைக் காட்டினேன்.
நாலரைக் கிலோ பச்சை, ஒரு கிலோ தூள்.
அதற்கு யாரும் கோபிப்பதில்லையே.
அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

வாளியை எடுக்க வந்த ஞானசுந்தரி,
முழங்கால் போய் மலையிலிருந்து ஆபீசுக்கு மாற்றப்பட்டவள்,
துரை போகும்வரை துடைத்த இடத்தையே துடைத்தாள்.
"எனக்கும் அப்புடித்தான் தங்கச்சி.
இருவத்திரண்டு கிலோ எடுத்தா
சாக்குக்கு ஒண்ணு, முத்தலுக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு.
பதினேழு.
பதினெட்டு இல்லன்னா அரப்பேர்.
வெயில் கொளுத்துற நாளும் ஈரத்துக்கு ரெண்டுதான்."
வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்:
"ஒன்னோட கழிவு எங்க போவுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும்.
ஒவ்வொரு பங்கும் எங்கே படுத்திருக்கிறது என்று
விரல் வைத்துக் காட்டுவேன்.
அவளுடைய ஐந்து கிலோவுக்கு என்னிடம் விரல் இல்லை.

கம்பெனி தந்த தேவைப் பட்டியல், மூன்றாம் பக்கம்.
நிறுவை அட்டவணை: தேதி, பதிவெண், நிகர எடை.
ஓரத்தில் பென்சிலால்:
மொத்த எடை வேண்டாம், இடம் மிச்சம்.

ராத்திரி பங்களா அறையில், மெழுகுதிரி வெளிச்சத்தில், போட்டுப் பார்த்தேன்.
தொள்ளாயிரம் பேர், நாளுக்கு மூன்று நிறுவை,
வருஷத்துக்கு முந்நூறு நாள், பத்து வருஷம்.
எண்பத்தொரு லட்சம் வரி.
மொத்தமும் கழிவும் சேர்த்து எழுதினாலும் கூடுவது
நூற்றிமுப்பது மெகாபைட்.
துரையின் ஜீப் போவதையும் வருவதையும் பிடிக்கிற வாசல் கேமரா
காலைத் தேத்தண்ணிக்கு முன்னாலேயே
அதைவிடக் கூடத் தின்கிறது.

விடிந்ததும் திட்டத்தை மறுபடி அச்சடித்தேன்.
மொத்தம். கழிவு. கழிவுக்குக் காரணம். நிகரம்.
ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.
மூன்றாவதில் பேனா நின்றது.
"காரணம் எதுக்கு?"
நேற்று நீங்கள் பதினேழரைக்குக் கேட்டீர்களே சேர்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். நல்ல வெயில்.
கீழே கொட்டகையில் முதல் சாக்கு தராசில் ஏறியது.
கணக்கப்பிள்ளையின் வாய் அசைந்தது.
என்ன எண் சொன்னார் என்று
இந்த இரைச்சலில் கேட்கவில்லை.
பேனா இன்னும் காகிதத்துக்கு ஒரு விரல் மேலே.
நான் திருகாணிகளை இறுக்கத் தொடங்கினேன்.
ஏழாவது டிஸ்க் கொஞ்சம் லூசு.