பதினொரு மில்லிமீட்டர்

இரவு இரண்டு மணி.
நாடாவைக் குழாய்க்குள் இறக்குகிறேன்.
தண்ணீரைத் தொட்டதும் கீச்சிடுகிறது,
எலிக்குஞ்சு மாதிரி.
நாலு மீட்டர் அறுபத்திரண்டு.
நேற்று நாலு முப்பது.

ரங்கூன், போட்டடாங் பக்கம்.
ஆற்றுக்கு இவ்வளவு அருகில்
மூன்று தளம் கீழே போகிறோம்.
மேலே களிமண், அதற்கடியில் மணல்.
ஆற்றில் ஓதம் ஏறி
ஒன்றரை மணி நேரம் கழித்து
என் குழாயிலும் இரண்டு விரல் ஏறும்.
நகரத்துக்கு அடியில் யாரோ
மூச்சு விடுகிறார்கள் என்று சொல்லலாம்.
நான் சொல்வதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்க வேண்டும்,
வெளியே இறங்கக் கூடாது.
மொத்த வேலையும் இந்த ஒரு வாக்கியம்தான்.
நடுவில் நிற்பது கான்கிரீட் சுவர், அறுபது பேனல்.
ஐம்பத்தொன்பது, ஆழத்துக் களிமண்ணில்
பல் பதித்து நிற்கின்றன.
பத்தொன்பதாவதற்குத் தோண்டும்போது
பழைய தேக்குத் தூண் ஒன்று குறுக்கே கிடந்ததாம்.
ஒன்றரை மீட்டர் குறை.
வரைபடத்தில் யாரும் அதைத் திருத்தவில்லை.

பிப்ரவரி பதினாறு, கபூர்கனி வந்தார்.
பக்கத்துக் கட்டடத்தில் அச்சகம்.
அவர் வீட்டுச் சுவர் விரிசல்மேல்
நான் ஒட்டிய கண்ணாடித் துண்டு
உடையாமல்தான் இருந்தது.
அதைப் பற்றி அவர் பேசவில்லை.
ஒரு கல்யாண அட்டையை நீட்டினார்.
மணமகள் பெயரில் சிவப்பு
கறுப்புக் கோட்டைவிட்டு
மயிரிழை விலகியிருந்தது.
"முப்பது வருஷமா ஓட்டுறேன்.
மெஷின் அப்படியேதான் இருக்கு.
தரை சாயுது, தங்கச்சி."

மேலாளர் லிம்முக்கு மழைக்காலம்தான் கவலை.
அதற்குள் அடித்தளம் போட்டாக வேண்டும்.
பள்ளத்தில் இன்னும் இரண்டு கிணறு போடு என்றார்.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம்.
எத்தனை அடி என்று தெரியாது.
மூன்று மாடிக் கட்டடம் நகர
நாற்பது நாள் பம்பு போதும்.

அன்று இரவு பத்தொன்பதின் அடியில் கசிவு.
கசிவு புதிதல்ல. தெளிந்து வந்தால்
வாளி வைத்துவிட்டுத் தூங்கலாம்.
கலங்கி வந்தது.
உள்ளங்கையில் ஏந்தினேன்.
நீர் வடிந்தது. ஒரு சிட்டிகை மணல் நின்றது.
சற்று முன்புவரை அது
கபூர்கனியின் தரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

யாரையும் கேட்கவில்லை.
ஏழாம் பம்பை நிறுத்தினேன். பிறகு எட்டை.
பிறகு எல்லாவற்றையும்.
அந்த அமைதியில் தெருநாய் ஒன்று விழித்துக் குரைத்தது.
விடியும்போது பள்ளத்தில் எக்ஸ்கவேட்டர்
எருமையாக நீரில் கிடந்தது.
லிம் கத்தினார். எந்த மொழியில் என்று நினைவில்லை.

சிமெண்ட் குழம்பைச் செலுத்தி அடைக்க
ஒன்பது நாள் ஆயிற்று.
அவர் கேட்ட இரண்டு கிணறும் வந்தன,
சுவருக்கு வெளியே,
எடுத்த தண்ணீரை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க.
மட்டம் ஏறியது. நாலு பதினைந்து.
மண் ஏறவில்லை.
பிழிந்த களிமண் மறுபடி உப்பாது.
அச்சகத்தின் மூலை பதினொரு மில்லிமீட்டர்
இறங்கியது இறங்கியதுதான்.
எச்சரிக்கை எல்லை பதினைந்து.
ஆக, படிவத்தின்படி ஒன்றுமே நடக்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதச் சொன்னார்கள்.
மாசி மாதம்.
நாங்கள் என்று எழுதினேன்.
அவசரத்தில் கையெழுத்தில்
வீட்டுப் பெயர் விழுந்துவிட்டது: செங்கமலம்.
அலுவலகம் திருப்பி அனுப்பியது.
நிலார் வின் இருக்கிறாள்,
அப்படி ஒருத்தி பட்டியலில் இல்லையாம்.

கபூர்கனி கடப்பாரையால் நெம்பினார்.
மெஷினின் இடது முன்காலுக்கு அடியில்
பாழான அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினார்.
மூலைக்குப் பதினொன்று என்றால்
இந்தக் காலுக்கு இரண்டரைக்குள்தான் வரும்
என்றேன். அவர் கேட்கவில்லை, ஓட்டிப் பார்த்தார்,
செருகினார், ஓட்டிப் பார்த்தார்.
எட்டாவது அட்டையில் சிவப்பு
கறுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

கையில் மிச்சமிருந்த ஒன்பதாவதை
என்னிடம் கொடுத்தார்.
"எதுக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."