நானோகிராம்

விடிவதற்குள் ஜெலால் கொட்டிப் போனான்
நம்புதாளைக் கரையில் பதினேழு சங்கு.
"அறுத்துப் பாக்குறதுக்கு ஒரு உத்தியோகமாக்கா?"
அறுத்துப் பார்ப்பதற்குத்தான்.
ஓட்டை அவனிடமே திருப்பித் தருவதாகப் பேச்சு,
உடைந்த ஓட்டுக்குப் பாதி விலை என்பது தனிச் சண்டை.

தொண்டி ஆய்வுக்கூடம், பின்னறை.
மின்விசிறி மூன்றில் சுற்றினால் தாள் பறக்கும்,
இரண்டில் சுற்றினால் நாறும்.
படிவத்தில் எனக்கு இரண்டு கட்டம்: ஆ, பெ.
நான்கு சங்கு ஒழுங்காக உட்கார்ந்தன.
ஐந்தாவது பெண்.
முட்டைக்கான பை, பாதை, எல்லாம் இருந்தது.
வலது உணர்கொம்புக்குப் பின்னே
கடுகு முளைவிட்டதுபோல்
ஆணும் இருந்தது.
அளந்தேன்: இரண்டு மில்லிமீட்டர்.
பேனா கட்டங்களுக்கு நடுவில் கோட்டின்மேல் நின்றது.
"பெ போட்டு நட்சத்திரம் வைம்மா" என்றார்
டீ குடித்துக்கொண்டிருந்த விஞ்ஞானி.

சோழியக்குடியில் விசைப்படகுகளைக் கரையேற்றி
அடியில் சிவப்புப் பூசுகிறார்கள்.
கொட்டலசு ஒட்டாது, பாசி ஏறாது, டீசல் மிச்சம்.
கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைவதுதான் அந்தச் சாயத்தின் வேலை.
கரைந்தது சேற்றில் இறங்கும்,
சேற்றைப் புழு தின்னும்,
புழுவைச் சங்கு தின்னும்.
யாருக்கோ எழுதிய கடிதம்போல
அதன் உடம்புக்குள் ஒரு கட்டளை வந்து விழும்:
ஆணாகு.
சங்குக்கு மறுத்துப் பழக்கமில்லை.

ஜெலாலிடம் சொன்னேன். இந்தமுறை சிரிக்கவில்லை.
"எங்க வத்தைக்கு அடிச்சது பழைய டின்னுக்கா,
லேபிள் கிழிஞ்சு வந்துச்சு, பாதி விலை" என்றான்
கையைக் கைலியில் துடைத்தபடி,
பலமுறை துடைத்தபடி.

வெள்ளிக்கிழமை தபாலில் இரண்டு உறை.
ஒன்றில் மாதிரி எண் ந-5, ஈரல்.
மற்றதில் ஞானசௌந்தரி, வயது முப்பத்துநாலு, ரத்தம்.
இரண்டிலும் நானோகிராம்.
இரண்டிலும் எண்ணுக்கு அருகே நட்சத்திரம்.
பெயரைப் பார்த்துத்தான்
எது நான் என்று பிரித்தேன்.

நாலு வருஷமாக மாத்திரை.
ராமநாதபுரத்து டாக்டரம்மா மாற்றி மாற்றி எழுதுவார்,
வெள்ளை, இளஞ்சிவப்பு, பிறகு தொப்புளுக்குக் கீழே ஊசி.
உடம்பு எடுத்ததுபோக மிச்சம் தினமும் கழிகிறது.
செப்டிக் டேங்க் நிறைந்தால் சந்தியாகு போன் போடுவார்,
நெற்றியில் "கடலரசி" என்று எழுதிய லாரி வந்து
உறிஞ்சிக்கொண்டு போகும்.
எங்கே கொட்டுவான் என்று கேட்டதில்லை.
ஓடைப் பாலத்தருகே, விளக்கை அணைத்துவிட்டு.
கேட்காமலே தெரியும்.

பாலம் தாண்டிக் கழிமுகத்துச் சேற்றில் மட்டி.
வாயை மூடத் தெரியாதது அல்ல;
நீர் வற்றினால் மூடும், கால் மிதித்தால் மூடும்.
மற்ற நேரமெல்லாம் திறந்து
வந்த கடலை இழுத்து, வடித்து, வெளியே விடும்.
இரையைப் பிடிக்கிற சல்லடைக்கு
இரை எது, என் இளஞ்சிவப்பு எது?
கொழுப்பில் தங்கும் சில,
கந்துவட்டிக் கடன்போல, அசல் குறையாமல்.

காரங்காட்டிலிருந்து மாமியார் வந்தார்,
பஸ் முழுக்க வாளியை மடியிலேயே வைத்து.
"நம்ம கழிமட்டி. சூப் வச்சுக் குடி.
இந்தத் தடவை நிக்கும்."
ந-5 பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் முழங்கால்வரை இன்னும் சேறு
காய்ந்து வெடித்திருந்தது.
மூடிக்கொண்டேன்.
மட்டியை உப்புத் தண்ணீரில் போட்டு
தாம்பாளத்தைக் கவிழ்த்தார்: "ராவெல்லாம் துப்பட்டும்."

இருட்டில் அடுக்களையிலிருந்து
சின்னச் சின்னப் பீச்சல் சத்தம்.
சந்தியாகு குழாய் ஒழுகுகிறதென்று
எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

விடிந்ததும் தாம்பாளத்தைத் தூக்கினேன்.
தண்ணீர் தெளிந்திருந்தது.
அடியில் ஒரு விரல்கடை மணல்,
பொடியாய், வெளிறி.
மணலை மட்டும்.

மாமியார் இஞ்சி தட்டத் தொடங்கிவிட்டார்.