ஊதாத மெழுகுவத்தி

எனக்கு ஐம்பது முடிந்த அன்றுதான்
கூப்பிடாமல் தானே வந்தது
தானே புயல்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு கரண்டுக் கம்பமும் நேராய் இல்லை.

முதல்நாள் வாங்கிய கேக்,
எறும்பு தின்றது போக மீதி.
அதில் நட்ட ஒற்றை மெழுகுவத்திதான்
வீட்டின் மொத்த வெளிச்சம்.
"ஊதும்மா" என்றான் இளம்பரிதி.
"ஊதிடாதே, தீப்பெட்டி நனைஞ்சு கிடக்கு"
என்றார் இவர்.

அந்த வெளிச்சத்தில்தான்
ஓடு பறந்துபோன எதிர்வீட்டு ஏழு பேருக்கும் சேர்த்து
உப்புமா கிண்டினேன்.
யாரும் வாழ்த்தவில்லை.
எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

இப்போது அறுபத்து மூன்று.
ஆறு தனியாக, மூன்று தனியாக எரிகிறது.
வீடியோவில் பரிதி: "ஊதும்மா."

குனிந்தேன்.
வாய் குவியும் முன்
இரண்டு கையும் போய்
சுடரைப் பொத்திக்கொண்டன.

ஃபேன் ஓடுதுடா, அதான்
என்றேன்.