எழுத்துக்கு எண்பது சென்ட்

கம்பாதோஸில் கடிகாரம் பழுதுபார்க்கும் அவெலினோ
கல்யாண மோதிரங்களில் பெயரும் வெட்டுவான்.
எழுத்துக்கு எண்பது சென்ட்,
இடைவெளி இலவசம்.

தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்:
'இடது மார்பகம் அகற்றப்பட்டது. அக்குளில்
பதினேழு நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்பட்டன.
தயவுசெய்து இந்தக் கையில் ஊசி போட வேண்டாம்,
இரத்த அழுத்தம் பார்க்க வேண்டாம்.'
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
உதடு அசைய அசைய எண்ணினான்.
"தோசிந்தா, இது கைச்சங்கிலித் தகடு.
கல்லறைக் கல் அல்ல."

அங்கேயே நின்று அடித்தேன்.
முதலில் போனது 'தயவுசெய்து'.
ஐம்பத்தெட்டு வருஷம் சொல்லியாயிற்று, போதும்.
பிறகு அந்தப் பதினேழு.
பிறகு 'மார்பகம்'.
போன தடவை அதை வெட்டியவர்கள்
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெட்டினார்கள்.
இந்தத் தடவை நானே, அவன் கடைப் பேனாவால்,
மயக்க மருந்து இல்லாமல்.

மிஞ்சியது:
இந்தக் கையில்
ஊசி இல்லை

அழுத்தம் இல்லை

நடுவில் ஏன் இவ்வளவு இடம் என்று கேட்டேன்.
காசில்லாதது தானே, இருக்கட்டும் என்றான்
ஏறிட்டுப் பார்க்காமல்.

தண்ணீர் வற்றிய காலையில்
ஆரோசாவின் சேற்றில் குனிந்து நிற்கும் நாற்பது முதுகுகளில்
என்னுடையதும் ஒன்று.
சிப்பி அள்ளக் கூடாது என்றார் டாக்டர்.
அவருக்கு என் உரிமச் சீட்டின் வயது தெரியாது,
முப்பத்தொன்று.
இரண்டு கையுறை போட்டுக்கொள்கிறேன்.
கூடையை வலது தோளுக்கு மாற்றிவிட்டேன்.
மதியத்துக்குமேல் இடது கை
யாருடையதோ போலக் கனக்கும்.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
அது பளிச்சிட்டதைப் பிடித்துக்கொண்டாள் ஒத்திலியா.
"யாரடி கொடுத்தது?"
"ஒருத்தன்.
பேச மாட்டான்.
கையைப் பிடித்தால் விடவும் மாட்டான்."
"அப்படி ஒருத்தனைத்தான் நானும் தேடுகிறேன்" என்று
வாரியைச் சேற்றில் இழுத்தாள்.
பதினொரு மாதம் நான் இல்லாதபோது
என் பங்குக்கும் குனிந்தவள்.
அவளுக்குத் தெரியாதா என்ன.

பிப்ரவரியில், இறங்குதுறைப் பாசியில்
வழுக்கி விழுந்தேன்.
விழும்போதுகூட இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டேன்,
மார்பு என்று பழக்கத்தில் சொல்கிறேன்.
வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

பொந்தெவேத்ரா மருத்துவமனையில்
ஷியானா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்,
ஊசியும் கையுமாக வந்தாள்.
"இந்தக் கை?"
"உடைந்துவிட்டது."
"அந்தக் கை?"
"படித்துப் பார்."
படித்தாள், சத்தமாக.
எட்டு மாதமாக நான் அணிந்திருந்ததை
முதன்முதலாக வேறொரு குரலில் கேட்டேன்.
நகராட்சி உத்தரவு மாதிரி இருந்தது.
வாகனம் நிறுத்தாதே, எச்சில் துப்பாதே,
ஊசி இல்லை, அழுத்தம் இல்லை.
நடுவில் இருந்த இடத்தில்
அவளும் கொஞ்சம் நிறுத்தினாள்.

என் வாயிலிருந்து சிரிப்பு கிளம்பியது.
முறிந்த எலும்பு குத்தக் குத்தச் சிரித்தேன்.
ஒரு கை பார்த்துவிடலாம் என்று
இத்தனை நாள் சொல்லிக்கொண்டு வந்தேன்.
பார்ப்பதற்கு ஒரு கையும் மிச்சமில்லை.

டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து
"காலில் எடுக்கலாமாம்" என்றாள்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள். காலுறையையும்.
விரலிடுக்கெல்லாம் ஆரோசாவின் சேறு.
எனக்குத்தான் வெட்கமாயிற்று;
அவள் பஞ்சை நனைத்து நனைத்து
ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

டங் என்று தட்டில் ஏதோ விழுந்தது.
சுண்டுவிரல் நகமளவு சிப்பி,
மூடிய வாயோடு.
"அளவு பத்தாது" என்றேன்,
"எடுத்தால் அபராதம். திரும்ப விட்டுவிட வேண்டும்."
எங்கே விடுவது என்று
சுற்றுமுற்றும் பார்த்தாள் அந்தப் பெண்.
பிறகு என் இடது உள்ளங்கையை விரித்து
அதில் வைத்தாள்.

அதைப் பற்றித் தகட்டில் ஒன்றும் இல்லை.