மூன்று கொட்டேசன்

மூன்று விலை வேண்டும் என்பது கொம்பனிச் சட்டம்.
பேனை வாங்கினாலும் மூன்று,
குப்பை வாளி வாங்கினாலும் மூன்று.
விரித்து வைத்திருக்கிறேன்,
கொம்பனித்தெருவில், நாலாம் மாடியில்,
பேரே வாவி மணக்கும் என்று
யாரும் திறக்காத யன்னலுக்குப் பக்கத்தில்.

முதலாவது மலிவு. மூடி இல்லை.
இரண்டாவது, காலால் மிதித்தால் வாய் திறப்பது.
மூன்றாவது முகாமையாளருக்குப் பிடித்தது.
இரும்பு.
கடதாசிப் பெட்டிக்கு ஒரு பிளவும் ஒரு பூட்டும்.
"வாக்குப் பெட்டி மாதிரி," என்றார் கணக்குப் பிரிவுக் கேதாரநாதன்.
"போட்டால் போட்டதுதான்."

எத்தனை லீற்றர் என்று கேட்கிறது படிவம்.
எனக்கென்ன தெரியும்?
வெள்ளி பின்னேரம் எல்லோரும் போன பிறகு
பதினேழு மேசைகளுக்கு அடியிலிருந்தும் கூடைகளை இழுத்து
நிலத்தில் பேப்பர் விரித்துக் கொட்டினேன்.

லஞ்ச் சீற்றில் பாதிச் சோறு, பருப்பின் மஞ்சள்.
யோகட் கோப்பை, கரண்டியும் உள்ளே.
மாத்திரை அட்டை ஒன்று, பத்துக் குழியும் வெறுமை.
யாருடைய மேசை என்று பார்க்கவில்லை.
பார்த்தேன். சொல்லமாட்டேன்.
ஏழு தரம் எழுதிக் கசக்கிய விலகல் கடிதம்;
ஏழாவது மட்டும் "அன்புடன்" என்று முடிகிறது.
அவர் இன்னும் வேலைக்கு வருகிறார்.

வாசலில் மொப்போடு சோமலதா.
மோதிரம் ஏதும் விழுந்துவிட்டதா, மிஸ்?
இல்லை, அளவு பார்க்கிறேன் என்றேன்.
என் சிங்களத்தில் அது
நிறுக்கிறேன் என்று போய் விழுந்திருக்க வேண்டும்.
தன் பையைத் திறந்து
ஒரு தூக்குத் தராசை எடுத்தாள்.

கடதாசி நாலு கிலோ முன்னூறு.
கொளுவியில் மாட்டிய கை நடுங்கவில்லை.
முள் நிற்கும் முன்னமே அவள் உதடு எண்ணைச் சொல்லிவிட்டது.
எத்தனை வெள்ளிக்கிழமைகள்,
எந்தக் கடை, கிலோ என்ன விலை,
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
தராசை மட்டும்
நகை சுற்றுவது போல ஒரு துணியில் சுற்றினாள்.

திங்கட்கிழமை இரும்பை வெட்டினேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்,
"பூட்டுக்குத் திறப்பு இரண்டுதான். தொலைந்தால் சிரமம்."
பொய்யும் இல்லை.
கேதாரநாதன் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
பிறகு கையொப்பம் வைத்தார்.

மிதிக்கிற வாளிகள் வந்தன,
பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு.
மேசைக் கூடைகள் போயின.
முதல் கிழமை முழுக்க
மரைன் பிரிவு டிலுக்ஷன் ஈரக் கோப்பையோடு திரிந்தான்,
பிறத்தியார் குழந்தையைக் கையில் வாங்கியவன் போல.
இது பிளாஸ்ரிக்கா, சாப்பாடா, அக்கா?
கழுவினால் பிளாஸ்ரிக்.
கழுவாவிட்டால் வெட்கம்.

ஒவ்வொரு மூடியிலும் மூன்று மொழி.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் ஒரு புள்ளிகூட இல்லை.
உககும கழிவு. பிளாஸரிக. கணணாடி.
கடைக்கு ரெலிபோன் எடுத்தேன்.
"நிறம் சரிதானே, மிஸ்," என்றான் பொடியன்.
நிறம் சரிதான்.

ஐந்து மணிக்குக் கறுப்பு மார்க்கரோடு முழந்தாளிட்டேன்.
உ, தாண்டு. க, அதற்கு ஒன்று.
கு, தாண்டு. ம, அதற்கு ஒன்று.
அச்சகத்தில் கழன்று விழுந்த புள்ளிகளை
எந்த நிற வாளியில் போட்டார்களோ.

சோமலதா குனிந்து பார்த்தாள்.
பொட்டு வைக்கிறீங்களா?
ஓம்.
நீல வாளியைக் காலால் தள்ளிக் கொண்டுவந்தாள்,
இதற்கும் ஒன்று.

கடதாசி.
ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்தேன்.
புள்ளி கேட்காத சொல்.
நாலு வாளியிலும் அது ஒன்றுதான்
பிழை இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

அதை அவளுக்குச் சொல்ல என்னிடம் சிங்களம் இல்லை.
சொல்லுக்கு வெளியே, ஓரமாக,
ஒன்று வைத்தேன்.